காலடி இருளில் வாழும் உயிர்கள்

(மதுரையில் கல்லூரி மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மண்ணுக்கு மேலே வாழும் உயிர்களுக்காகப் பேச நம்மிடம் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யானைக்கு ஆள் உண்டு, புலிக்கு ஆள் உண்டு. விடியற்காலையில் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்பும் இளைஞர்கள் இன்றைக்கு ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நான் இன்று பேச வந்திருப்பது மண்ணுக்கு அடியில், சூரிய ஒளி துளிகூட எட்டாத இடத்தில் வாழும் உயிர்களைப் பற்றி. குகைகளிலும் பாறை வெடிப்புகளிலும், நாம் இறைத்துக் குடிக்கும் நிலத்தடி நீரிலும் மீன்கள் இருக்கின்றன, வண்டுகள் இருக்கின்றன, இறால் இனத்துச் சிற்றுயிர்கள் இருக்கின்றன. இவற்றை ஆராயும் குகை உயிரியல் என்ற துறைக்கு இன்னும் இருநூறு வயதுகூட நிறையவில்லை.

அது பிறந்த இடம் இன்றைய ஸ்லோவேனியா நாட்டில் உள்ள போஸ்தோய்னா குகை. அந்த வட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த நீர் பாறை வெடிப்புகளில் இறங்கி, இலட்சக்கணக்கான ஆண்டுகளாக அரித்து அரித்து, கிலோமீட்டர் கணக்கில் வழிகளை உண்டாக்கியிருக்கிறது. 1818-இல் அந்தக் குகையில் விளக்கேற்றும் வேலை பார்த்த லூகா செச் என்பவர் அதுவரை யாரும் போயிராத உட்பகுதியைக் கண்டுபிடித்தார். 1831-இல் அதே மனிதரின் கண்ணில் ஒரு வண்டு பட்டது. அவர் அதை எடுத்து ஹோஹென்வார்ட் பிரபுவிடம் கொடுக்க, அவர் பூச்சிகள் அறிந்த ஃபெர்டினாண்ட் ஷ்மிட்டிடம் கொடுக்க, 1832-இல் அதற்கு லெப்டோடைரஸ் ஹோஹென்வார்டி என்று பெயர் சூட்டப்பட்டது. பெயரில் பிரபு இருக்கிறார். வண்டைக் கண்டெடுத்த தொழிலாளி இல்லை. அவர் பெயரையும் நாம் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த வண்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். கண் கிடையாது. கழுத்து மெலிந்து நீண்டிருக்கும். கால்களும் உணர்கொம்புகளும் உடலின் அளவுக்குப் பொருந்தாத நீளம். கெட்டியான மேலிறகுகள் இரண்டும் உருண்டு திரண்டு, வயிற்றை முழுதாக மூடியிருக்கும். அந்த மூடிக்கு உள்ளே ஈரக் காற்று தங்கும். பறக்க இறகு இல்லை; நிறமும் வெளிறிப்போன பழுப்பு. வெளியுலக வண்டுகள் எதைப் போலவும் இது இல்லை. வழிதவறிக் குகைக்குள் விழுந்த பூச்சியாக இருந்தால் இப்படி ஓர் உடல் வாய்க்காது. பல்லாயிரம் தலைமுறைகள் இருட்டிலேயே பிறந்து இருட்டிலேயே மடிந்ததால் வந்த உடல் அது. குகை என்பது சில உயிர்களுக்குச் சொந்த ஊர் என்ற எண்ணம் அந்த ஒரு வண்டிலிருந்துதான் தொடங்கியது.

இதில் வியப்பு என்னவென்றால், அதே வட்டாரத்தில் இன்னோர் இருட்டு உயிரை மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். ஓல்ம் என்னும் குருட்டுச் சாலமாண்டர். பெருமழைக்குப் பிறகு ஊற்றுகளில் வெளிறிய உடலோடு ஒரு நீண்ட பிராணி அடித்துவரப்படும். ஊர் மக்கள் அதை டிராகனின் குட்டி என்று நம்பினார்கள். வால்வசோர் என்ற அறிஞர் 1689-இல் வெளியிட்ட தம் நாட்டு வரலாற்று நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். 1768-இல் லாரெண்டி அதற்கு அறிவியல் பெயரும் கொடுத்துவிட்டார். ஆனாலும் குகைகளை ஒரு வாழிடமாக எண்ணித் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு 1831-இன் வண்டு வரவேண்டியிருந்தது.

பிறகு ஐரோப்பாவில் குகை குகையாகத் தேடினார்கள். இதை முறையான அறிவியலாக ஆக்கியவர் ருமேனியாவைச் சேர்ந்த எமில் ரகோவிட்சா. பெல்ஜிகா என்ற கப்பலில் அண்டார்க்டிகா போய்வந்த கடல் உயிரியலாளர் அவர். 1904-இல் மயோர்கா தீவில் உள்ள டிராக் குகைக்குள் போனவர் அங்குள்ள நீரில் கண்ணில்லாத ஒரு சிறு கணுக்காலியைக் கண்டார். அதன் பிறகு தம் வாழ்க்கையையே குகைகளுக்குத் திருப்பிவிட்டார். 1907-இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரைதான் இந்தத் துறையின் அடித்தளம். 1920-இல் ருமேனியாவின் க்ளூஷ் நகரில் அவர் தொடங்கியது உலகின் முதல் குகையியல் நிறுவனம்.

சரி, இருட்டில் வாழ்வது என்றால் என்ன? குகை வாயில் வரைக்கும் வெயிலும் பச்சையும் உண்டு. கொஞ்சம் உள்ளே போனால் மங்கல். இன்னும் போனால் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். அங்கே கோடை, குளிர் என்ற பேதம் மிகக் குறைவு. வெளியே ஆண்டு முழுவதும் நிலவும் வெப்பநிலையின் சராசரி எதுவோ, ஏறத்தாழ அதுவே உள்ளே எப்போதும் இருக்கும். காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும். வெயில் இல்லாததால் செடி இல்லை. செடி இல்லாததால் உணவு இல்லை. வெள்ளம் அடித்துவரும் இலைதழை, கூரையைத் துளைத்து இறங்கும் மரவேர், வௌவால் எச்சம், செத்து விழும் பூச்சி, கசிவுநீரில் கரைந்து வரும் கொஞ்சம் சத்து. இவ்வளவுதான் வரவு. இதில் குடும்பம் நடத்த வேண்டும்.

வரவு இவ்வளவு குறைவாக இருக்கும்போது வாழ்க்கையின் வேகமும் குறைந்துவிடுகிறது. பிரான்சின் மூலிஸ் என்ற ஊரில் இருக்கும் நிலத்தடி ஆய்வுக்கூடத்தில் 1950-களிலிருந்து ஓல்ம்களை வளர்த்துவருகிறார்கள். அந்தப் பதிவேடுகளை வைத்து 2010-இல் ஒரு கணக்கு வெளியானது. ஓல்ம் இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே பதினைந்து, பதினாறு ஆண்டுகள் ஆகிறது. பெண் ஓல்ம் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை, சராசரியாக 35 முட்டைகள் இடுகிறது. வளர்ந்த ஓல்மின் சராசரி ஆயுள் 68 ஆண்டுகளுக்கு மேல். நூறு ஆண்டும் தாண்டலாம் என்று கணித்திருக்கிறார்கள். இருபது கிராம் எடைகொண்ட பிராணி இது. போஸ்னியாவின் நீரடிக் குகைகளில் முக்குளிப்போர் ஓல்ம்களுக்கு அடையாளமிட்டுப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். அவற்றில் ஒன்று 2,569 நாள்கள், அதாவது ஏழு ஆண்டுகள், இருந்த இடத்திலேயே இருந்தது. இந்தத் தகவல் 2020-இல் வெளிவந்தபோது பலர் இதை வேடிக்கைச் செய்தியாகப் பகிர்ந்தார்கள். எனக்கு இது கவலை தரும் செய்தியாகப்பட்டது. அவ்வளவு மெதுவாக வாழும் உயிரினம் ஒரு பெரிய இழப்பிலிருந்து மீண்டுவர எத்தனை தலைமுறை ஆகும், அந்தத் தலைமுறைகளுக்கு எத்தனை நூற்றாண்டு ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, எல்லாரும் கேட்கும் கேள்வி. கண் எங்கே போனது?

டார்வின் 1859-இல் வெளியிட்ட நூலிலேயே குகைப் பிராணிகளின் கண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பயன்படுத்தாததால் கண் தேய்ந்தது என்பது அவர் தந்த விளக்கம். பயன்படுத்தாத உறுப்பு எப்படி மரபிலிருந்தே மறையும் என்பதற்கு அன்று விடை இல்லை. அந்த விடையின் பெரும்பகுதி மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு சிறு மீனால் கிடைத்தது. அஸ்டியானக்ஸ் என்று பெயர். 1936-இல் அதன் குகை வடிவம் அறிவியலுக்கு அறிமுகமானது. இந்த மீனின் அருமை என்னவென்றால், ஒரே இனம் ஆற்றிலும் இருக்கிறது, ஏறத்தாழ முப்பது குகைகளிலும் இருக்கிறது. ஆற்றில் இருப்பதற்குப் பெரிய கண்ணும் வெள்ளி நிறமும் உண்டு. குகையில் இருப்பதற்குக் கண்ணும் இல்லை, நிறமும் இல்லை. இரண்டையும் ஒரு தொட்டியில் விட்டால் இணைந்து குஞ்சு பொரிக்கும். ஆய்வாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

குகை மீனின் கரு வளரும்போது கண் உருவாகத்தான் தொடங்குகிறது. லென்சும் தோன்றுகிறது, விழித்திரையும் தோன்றுகிறது. பிறகு லென்சின் செல்கள் தாமாகவே மடியத் தொடங்குகின்றன. லென்சு போனதும் மற்ற பகுதிகளும் வளராமல் நின்று, தோலுக்கு அடியில் சுருங்கிவிடுகின்றன. யமமோட்டோவும் ஜெஃப்ரியும் 2000-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆற்று மீனின் கருவிலிருந்து லென்சை எடுத்துக் குகை மீனின் கருவில் ஒரு பக்கம் மட்டும் வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் கண் முழுதாக வளர்ந்தது! மறுபக்கம் வழக்கம்போலக் குருடு. அத்தனை ஆயிரம் தலைமுறைக்குப் பிறகும் கண் செய்யும் வித்தையை அந்த உடல் மறந்துவிடவில்லை.

இன்னொரு சோதனை 2008-இல் வந்தது. வெவ்வேறு குகைகளைச் சேர்ந்த குருட்டு மீன்களை போரோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் இணைசேர்த்தார். தாயும் குருடு, தந்தையும் குருடு. பிறந்த குஞ்சுகளில் ஒரு பகுதிக்குப் பார்வை இருந்தது. காரணம் இதுதான்: ஒரு குகையில் சில மரபணுக்கள் பழுதாகிக் கண் போயிருக்கிறது, தொலைவில் இருக்கும் இன்னொரு குகையில் வேறு சில மரபணுக்கள் பழுதாகிக் கண் போயிருக்கிறது. ஒன்றில் கெட்டது மற்றொன்றில் நன்றாக இருந்தால் குழந்தைக்குப் பார்வை திரும்பிவிடும். ஆக, கண்ணை இழப்பது ஒரே ஒருமுறை நடந்த விபத்து இல்லை. குகைக்குக் குகை, தனித்தனியாக நடந்திருக்கிறது.

இப்படித் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால் அதில் ஆதாயம் ஏதோ இருக்க வேண்டும். பார்வை என்பது செலவு மிகுந்த வேலை. 2015-இல் அளந்திருக்கிறார்கள்: ஒரு கிராம் எடையுள்ள அஸ்டியானக்ஸ் குஞ்சு, சும்மா இருக்கும்போது செலவழிக்கும் ஆற்றலில் 15 விழுக்காடு அளவு பார்வைக்கும் அது சார்ந்த மூளைப் பகுதிக்கும் போகிறது. மீன் வளர வளர அந்த விகிதம் குறையும். எட்டரை கிராம் மீனில் 5 விழுக்காடு. யாரும் புழங்காத அறையில் இரவு பகலாக விளக்கை எரியவிட்டு மின்கட்டணம் கட்டுவதைப் போன்றது இருட்டில் கண்ணை வைத்துக்கொண்டு இருப்பது. அந்த ஆற்றலை மிச்சம் பிடிக்கும் குஞ்சு பிழைக்கிறது. கண்ணுக்குப் பதிலாக வாயைச் சுற்றியும் தலையிலும் சுவையும் அதிர்வும் அறியும் நுண்ணுறுப்புகள் அதற்குக் கூடுதலாக இருக்கின்றன. குகை விலங்கை ஊனமுற்ற விலங்காக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இருட்டில் நாம்தான் ஊனமுற்றவர்கள்.

உணவைப் பற்றி மேலே சொன்னதற்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. ருமேனியாவில் கருங்கடல் ஓரம் மங்காலியா என்ற ஊர். 1986-இல் அங்கே மின்நிலையம் கட்ட நிலம் ஏற்றதா என்று குழி தோண்டிப் பார்த்தபோது, நிலத்துக்கு அடியில் ஒரு குகை திறந்துகொண்டது. வெளியுலகத்தோடு வழியே இல்லாமல் ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக மூடிக்கிடந்த குகை. மொவிலே என்று பெயர். உள்ளே நீருக்கு மேலே உள்ள காற்றில் ஆக்சிஜன் 7 முதல் 10 விழுக்காடுதான். நாம் மூச்சு விடும் காற்றில் 21. கரியமில வாயு வெளியே இருப்பதைவிடப் பல மடங்கு. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் நீரிலிருந்து எழுகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் ஒன்றும் இருக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அங்கே கண்ணில்லாத நீர்த்தேள் இருக்கிறது, அட்டை இருக்கிறது, சிலந்திகள் இருக்கின்றன, பூரான் இருக்கிறது. முதுகெலும்பில்லா உயிரினங்கள் ஏறத்தாழ ஐம்பது. அவற்றில் முப்பதுக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை.

இவை எதைத் தின்று வாழ்கின்றன? நீரின் மேல் ஆடையாகப் படர்ந்திருக்கும் பாக்டீரியாக்களை. அந்த பாக்டீரியாக்கள் சூரிய ஒளிக்குப் பதிலாக, சல்ஃபைடையும் மீத்தேனையும் ஆக்சிஜனோடு வினைபுரியவைத்து அதில் கிடைக்கும் ஆற்றலில் உணவு தயாரிக்கின்றன. செர்பான் சர்பு என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் 1996-இல் கார்பன், நைட்ரஜன் தனிமங்களின் ஓரிடத்தான்களை அளந்து இதை நிறுவினார்கள். வெளியே உள்ள மண்ணில் விளையும் உணவின் சாயல் அந்த உயிர்களின் உடலில் இல்லை. நிலத்தில், வெயிலை நம்பாமல் தன் காலில் நிற்கும் ஒரு முழு உயிர்க்கூட்டம் கண்டறியப்பட்டது அப்போதுதான்.

இதெல்லாம் குளிர்நாட்டுச் சங்கதி, நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் இது உண்டா என்று நீங்கள் கேட்கலாம். நெடுங்காலம் அறிஞர்களே இல்லை என்றுதான் நினைத்தார்கள். பனியுகத்தில் குளிருக்கு அஞ்சிக் குகைக்குள் ஒதுங்கியவைதான் குகை விலங்குகளாயின என்பது அவர்கள் கொள்கை. வெப்ப நாடுகளில் ஒதுங்க வேண்டிய தேவை ஏது என்பது வாதம். 1971-இல் ஃபிரான்சிஸ் ஹோவர்த் என்ற பூச்சியியலாளர் ஹவாய்த் தீவின் எரிமலைக் குழம்புக் குகைகளுக்குள் போனார். எரிமலைக் குழம்பு மேலே உறைந்து, உள்ளே வழிந்தோடியதால் உண்டான குழாய் வடிவக் குகைகள் அவை. வயதிலும் மிக இளையவை. அங்கே கூரையிலிருந்து தொங்கும் ஓஹியா மர வேர்களில் சாறு உறிஞ்சிக்கொண்டு, கண் இழந்த தத்துப்பூச்சிகள் உட்கார்ந்திருந்தன. அவை வேரைத் தந்தியாக வைத்து அதிர்வால் பேசிக்கொள்கின்றன என்பதும் பின்னால் தெரியவந்தது. பழைய கொள்கை அத்தோடு ஆட்டம் கண்டது. உணவு இருக்கிறது, காலியிடம் இருக்கிறது என்றால் உயிர் தானாகவே இருட்டுக்குள் இறங்கும்.

நம் நாட்டில் முன்னோடி முயற்சி 1922-இல் நடந்தது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி கெம்ப்பும் சோப்ராவும் காரோ மலையில் உள்ள சிஜு குகையை ஆராய்ந்து, 1924-இல் அறிக்கைகள் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு வெகுகாலம் பெரிதாக ஒன்றும் இல்லை. இன்றைக்கு அதே மேகாலயாவில், ஜைந்தியா மலையில் கிரெம் உம் லடாவ் என்ற குகையில், உலகிலேயே மிகப் பெரிய குகை மீன் இருப்பது தெரியவந்திருக்கிறது. நாற்பது சென்டிமீட்டரையும் தாண்டும் உடல். மஹ்சீர் மீனுக்கு உறவுமுறை. 2019-இல் முதன்முதலாக அதைப் பற்றி எழுதினார்கள். 2023-இல் அந்த மண்ணின் ப்னார் மக்களின் பெயரால் நியோலிசோகைலஸ் ப்னார் என்று பெயரிட்டார்கள். அந்த மலையில்தான் எலிவளை போலக் குடைந்து நிலக்கரி எடுக்கும் சுரங்கங்களும் இருக்கின்றன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் அதற்குத் தடை விதித்தது. சுரங்கத்திலிருந்து வழியும் அமில நீரால் அங்குள்ள லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீலமாக மாறுகிறது. அந்த அமிலம் தரைக்கு மேலே ஓடும் ஆற்றோடு நின்றுவிடும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

இனி மதுரைக்கு வருவோம். இந்த ஊரில் நின்றுகொண்டு குகை உயிர்களைப் பற்றிப் பேசும்போது எம்.கே. சந்திரசேகரன் அவர்களைச் சொல்லாமல் விட முடியாது. உயிர்களின் உடலுக்குள் ஓடும் நாள் கடிகாரத்தை ஆராய்ந்தவர். 1970-களில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, இங்குள்ள குன்றுகளின் குகைகளையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். ஜெர்மனியில் பயின்ற நுட்பத்தைக் கொண்டுவந்து, உள்ளூர் வௌவாலிடம் கேள்வி கேட்டார்.

கேள்வி எளிமையானது. குகையின் ஆழத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் இலைமூக்கு வௌவாலுக்கு வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரியும்? ஒரு வௌவாலைப் பிடித்துக் கூண்டில் அடைத்து, வெளிச்சமே வராத இடத்தில், அதே குகைக்குள் வைத்தார்கள். அது எப்போது பறக்க முயல்கிறது என்பதைக் கருவி பதிவு செய்தது. சுற்றிலும் அதன் கூட்டம் சுதந்திரமாக இருந்தது. மாலையில் வெளியேறியது, விடியலுக்குள் திரும்பியது. கூண்டில் இருந்தது வெளிச்சத்தைப் பாராமலேயே கூட்டத்தின் நேரத்தோடு தன் நேரத்தையும் ஒத்துவைத்துக்கொண்டது. வேறு வௌவால் இல்லாத குகையில் தனியாக வைத்தபோது அதன் கடிகாரம் நாளுக்கு நாள் நகர்ந்து, வெளியுலகப் பொழுதிலிருந்து விலகிப்போனது. மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூவரும் 1981-இல் இதை வெளியிட்டார்கள். பிறகு 1983-இல் இன்னொரு முடிவும் வந்தது: அதே குகையில் வேறோர் இன வௌவாலை அடைத்துவைத்தால் இந்த இலைமூக்குக் கூட்டத்தின் போக்குவரத்து அதற்குக் கடிகாரமாக உதவவில்லை. தன் இனத்தாரின் சந்தடி மட்டுமே கணக்கு!

சாயுங்காலம் அப்படி ஒரு குகை வாயிலில் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். வௌவால்கள் எடுத்த எடுப்பில் கிளம்பிவிடுவதில்லை. ஒன்றிரண்டு வாயில்வரை பறந்து வரும், திரும்பி உள்ளே போகும், மறுபடி வரும். வெளிச்சம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கின்றன. அந்தச் சிலவற்றின் நடமாட்டம் ஆழத்தில் இருப்பவற்றுக்கும் சேதியாகப் போய்ச் சேர்கிறது. இரவெல்லாம் வயல்வெளியில் பூச்சி பிடித்துத் தின்றுவிட்டுத் திரும்பி, குகைத் தரையில் எச்சமாக இறக்குகின்றன. அந்த எச்சத்தில் பூஞ்சை, பூஞ்சையைத் தின்னச் சிற்றுயிர், அதைத் தின்னச் சிலந்தி. வௌவாலை விரட்டிவிட்டால் அந்தக் குடும்பம் முழுவதும் பட்டினி. நம் குன்றுக் குகைகளில் பட்டாசு கொளுத்துகிறவர்களும் புகை மூட்டுகிறவர்களும் இதை அறிய வேண்டும்.

கடைசியாக, நான் அதிகம் சொல்ல விரும்பும் செய்தி. குகை இல்லாத இடத்திலும் இந்த உலகம் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1895-இல் ஆழ்கிணறு தோண்டியபோது நீரோடு சேர்ந்து குருட்டுச் சாலமாண்டர்கள் வெளியே வந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் கனிமம் தேடித் துளைத்த துளைகளில், அறுபது மீட்டர் ஆழம்வரை, ஒரு மரவட்டை கிடைத்தது. 2021-இல் பெயரிட்டார்கள், ஒன்றுக்கு 1,306 கால்கள். இதுவரை அறிந்த உயிர்களில் கால்கள் அதிகம் உள்ளது அதுதான். மனிதன் நுழைய முடியாத, விரல்கூட நுழையாத இடுக்குகளிலெல்லாம் குடியிருப்பு உண்டு.

நம் அண்டை மாநிலமான கேரளத்தில் அந்தக் குடியிருப்பு செம்புரைக்கல்லுக்குள் இருக்கிறது. துளை துளையான கல், துளைகளில் நீர், அந்த நீரில் மீன். 1950-இல் ஏ.ஜி.கே. மேனன், கோட்டயத்துக் கிணற்றில் கிடைத்த ஒரு குருட்டுக் கெளுத்திக்கு ஹொராக்ளானிஸ் கிருஷ்ணை என்று பெயரிட்டார். வெள்ளைத் தட்டில் கிணற்று நீர் விட்டு அதில் வைத்துப் பார்த்தால், மூன்று, நான்கு சென்டிமீட்டருக்கு மேல் இராது. உடல் முழுக்க இரத்தச் சிவப்பு. தோலில் நிறமி இல்லாததால் உள்ளே ஓடும் இரத்தமே வெளியே தெரிகிறது. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. தலையைச் சுற்றி நான்கு இணை மீசைகள் விரிந்து துழாவிக்கொண்டே இருக்கும்.

அந்த ஒரு மீனோடு நிற்கவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் புரட்டிப்போட்ட பிறகு, மலப்புறம் மாவட்டம் வேங்கரைப் பக்கம் வயலில் ஒருவருக்கு விசித்திரமான மீன் கிடைத்தது. அவர் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போட்டார். விரால் இனத்துக்கு உறவான, ஆனால் தனிக் குடும்பமாகவே பிரித்துவைக்க வேண்டிய அளவுக்குப் பழமையான மீன் அது. ஈனிக்மசன்னா என்று பெயர். ஒரு கணிப்பின்படி விரால்களிலிருந்து அது பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. செங்கன்னூரில் குளிக்கப் பிடித்த தண்ணீரில் குழாய் வழியாக வந்து விழுந்தது நம் அயிரைக்கு உறவான சிவப்பு மீன். 2022-இல் அதற்குப் பாஞ்சியோ பாதாளா என்று பெயர் வைத்தார்கள். பாதாளம் என்ற சொல் நமக்கும் தெரிந்ததுதானே.

கொச்சியில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜீவ் ராகவனும், ரால்ஃப் பிரிட்ஸ், நீலேஷ் தகானுக்கர் போன்றவர்களும் ஊர் மக்களையே துணைக்கு அழைத்தார்கள். கிணறு இறைக்கும்போது, தொட்டி கழுவும்போது எது கிடைத்தாலும் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். இல்லத்தரசிகளும் மாணவர்களும் கிணறு வெட்டுவோரும் வாளியோடு வந்தார்கள். அதில் ஹொராக்ளானிஸ் மீன்கள் 47 புதிய இடங்களில் இருப்பது தெரிந்தது. பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு. மரபணுவைப் படித்தால் பெரும் வேறுபாடு. 2023-இல் பெயரிட்ட புதிய இனத்துக்கு, உதவிய மக்களை நினைத்து, ஹொராக்ளானிஸ் பாபுலி என்றே பெயர் வைத்தார்கள். லூகா செச் காலத்தில் கண்டெடுத்தவருக்குக் கிடைக்காத இடம் இவர்களுக்குக் கிடைத்தது எனக்கு மகிழ்ச்சி.

உலகில் நிலத்தடி நீரை மிக அதிகமாக இறைக்கும் நாடு இந்தியா. நாம் அந்த நீரின் மட்டத்தை அளக்கிறோம், உப்பை அளக்கிறோம், ஃபுளோரைடை அளக்கிறோம். அதில் எது வாழ்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. மட்டம் இறங்கினால் அந்த மீன் கூடவே இறங்கலாம், துளைகள் இருக்கும்வரைக்கும். அதற்குக் கீழே கெட்டிப் பாறை. செம்புரைக்கல்லை வெட்டி எடுத்தால் வீடே போயிற்று. பிளீச்சிங் பவுடர், பூச்சிமருந்து, கொசுவுக்காகக் கிணற்றில் விடும் கம்பூசியா மீன், இவை ஒவ்வொன்றும் அங்கே என்ன செய்கின்றன என்று பார்த்தாக வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பெரிய சுரங்கத் திட்டம் வருவதற்கு முன், நிலத்தடி உயிர்களைக் கணக்கெடுத்துக் கொடு என்று சுற்றுச்சூழல் ஆணையம் கேட்கிறது. ஸ்லோவேனியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஊற்று நீரில் ஒரு குவளை எடுத்து, அதில் கரைந்திருக்கும் மரபணுத் துணுக்கை வைத்தே உள்ளே ஓல்ம் இருக்கிறதா என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் நம்மால் முடிந்த காரியங்கள். ஒரு கல்குவாரிக்கு அனுமதி கொடுக்கும் முன் அக்கம்பக்கத்துக் கிணறுகளின் நீரைச் சோதிக்க எந்தப் புதுக் கருவியையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இங்கே குமரி மாவட்டத்திலிருந்து வந்திருக்கும் மாணவர்கள் சிலரைப் பார்க்கிறேன். உங்கள் மேற்குப் பகுதியிலும் செம்புரைக்கல் நிலம் உண்டு, வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. அடுத்தமுறை வீட்டில் கிணறு இறைத்துத் தூர் வாரும்போது பக்கத்தில் நில்லுங்கள். சேற்றோடு வரும் முதல் சில வாளிகளை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். மேல்நிலைத் தொட்டியைக் கழுவும்போதும் அடியில் தங்கும் நீரை அப்படியே சாக்கடையில் கொட்டாதீர்கள். விரல் நீளம்கூட இல்லாத சிவப்பு மீன் தென்பட்டால், அதே கிணற்று நீர் நிரப்பிய வாளியில் விட்டு, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். கிணற்றின் ஆழம், உறை இறக்கியதா, கடைசியாக மழை பெய்தது எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரி விலங்கியல் துறையிடம் சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்த்த பிறகு மீனை அதே கிணற்றிலேயே விட்டுவிடுங்கள்.